சம்பளம் எந்த நாணயத்தில், கணக்கு யார் பெயரில்?

வெளிநாட்டில் வேலை செய்பவர் ஒரு நாணயத்தில் சம்பளம் வாங்குகிறார்; அவருடைய வீடு இன்னொரு நாணயத்தில் செலவு செய்கிறது. இடையில் காசு எவ்வழியாக வருகிறது, என்ன விலைக்கு மாறுகிறது, யார் பெயரில் பதிவாகிறது என்பவற்றைப் பொறுத்தே பல வருட உழைப்பு மிஞ்சுகிறது அல்லது கரைகிறது. இதற்கு ஓர் இலங்கை ஊரை எடுத்துக்கொள்ளலாம். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில், அளுவிகாரையைத் தாண்டியதும் வரும் ஊர் பலாபத்வல. வீதியோரம் உல்லாசப் பயணிகளுக்கான வாசனைத் திரவியத் தோட்டங்கள். உள்ளே போனால் மிளகும் சாதிக்காயும் கொக்கோவும் காய்க்கும் வீட்டுத் தோட்டங்கள். மிளகின் விலை ஏறும், இறங்கும். அதை மட்டும் நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது என்ற நிலை வந்தபோது, சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழர்களும் கலந்து வாழும் இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்தும், நாட்டின் ஏனைய கிராமங்களிலிருந்து போனதைப் போலவே, ஆட்கள் வளைகுடாவுக்குப் புறப்பட்டார்கள்.

இந்த வீதிக்கு இப்படிப்பட்ட பயணம் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தா என்று நடந்து மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த வடக்குப் பாதை இதுவே. அவர்களுடைய கணக்கு அவர்கள் கையில் இருக்கவில்லை. வழிச்செலவுக்குக் கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக எழுதப்பட்டது. அந்தக் கடன் எவ்வளவு என்று சொல்லும் காகிதமான ‘துண்டு’, தொழிலாளியோடு தோட்டத்துக்குத் தோட்டம் போனது. புதிய தோட்டம் கடனைத் தீர்த்தால்தான் ஆள் இடம் மாறலாம். 1921இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கை, இந்திய அரசுகளுக்கிடையே கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேர் இந்தியா செல்ல வேண்டும் என்று முடிவானபோது, பணம் எதிர்த் திசையில் கடல் கடந்தது. ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்ச எல்லையை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக்கூடாது என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. தலைமுறைகளாகத் தேயிலை கொய்த ஒரு வீட்டின் சேமிப்புக்கு இரண்டு அரசுகள் போட்ட கணக்கு அவ்வளவுதான். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காக 1969இல் இந்திய அரசு ரெப்கோ வங்கியைத் தொடங்கியது.

இன்றைய புலம்பெயர் உழைப்புக்கு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும் அதன்கீழ் உருவான வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் அடித்தளம். தொடக்கப் பத்தாண்டுகளில் போனவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். பின்னர் ஆண்களின் பங்கு கூடியது. பொருளாதாரம் குலைந்த 2022இல் ஒரே வருடத்தில் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவு செய்து புறப்பட்டார்கள். ஏஜென்சிக்கும் சப் ஏஜென்டுக்கும் கொடுத்த காசு, மருத்துவப் பரிசோதனை, வீட்டுச் சாமான் கடன், அடகில் இருக்கும் நகை என்று கடன் கணக்கோடுதான் பலர் விமானம் ஏறுகிறார்கள். அதனால் முதல் ஆறு மாதச் சம்பளம் சேமிப்பாக மாறுவது அரிது. அதற்குப் பிறகு வரும் சம்பளத்துக்கு என்ன ஏற்பாடு என்பதைப் புறப்படுவதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

வழக்கமாக நடப்பது இது. போகிறவருக்குத் தனிக் கணக்கு இல்லை. சம்பளம் கணவன், தாய் அல்லது மூத்த சகோதரரின் கணக்குக்கு வருகிறது. இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து வந்து பாஸ் புத்தகத்தைப் பார்த்தால், மாதா மாதம் 25ஆம் திகதியளவில் காசு வந்திருக்கிறது. அடுத்த சில நாட்களில் மொத்தமாக எடுக்கப்பட்டிருக்கிறது. எடுத்தவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். பிள்ளைகளின் டியூஷன், மருந்து, கூரைத் தகரம், கல்யாண வீட்டு மொய் என்று எல்லாவற்றுக்கும் நியாயமான காரணம் இருக்கும். ஆனால் உழைத்தவரின் பெயரில் ஒரு சதமும் இல்லை. கேட்டால் குடும்பச் சண்டை. இதற்கு அறிவுரையைவிட வங்கிப் படிவம் அதிகம் உதவும்.

அந்தப் படிவம் இரண்டு கணக்குகளுக்கானது. ஒன்று வீட்டுச் செலவுக்கான ரூபாய்க் கணக்கு. வீட்டில் இருப்பவர் அதை நடத்தலாம். மற்றது உழைப்பவரின் பெயரில் மட்டும் உள்ள தனியாள் வெளிநாட்டு நாணயக் கணக்கு. 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம், பழைய என்.ஆர்.எப்.சி. போன்ற பல கணக்குகளை இந்த ஒன்றுக்குள் கொண்டுவந்தது. ஊரில் இன்னும் ‘என்.ஆர்.எப்.சி.’ என்றுதான் கேட்பார்கள். வங்கி ஊழியருக்கும் அது விளங்கும். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணமும் வரும்போது கொண்டுவரும் நோட்டும் இதில் சேரலாம். உள்ளூரில் உழைத்த ரூபாயை டொலராக மாற்றி இதில் போட முடியாது. உள்ளே இருப்பதை ரூபாயாக எப்போதும் எடுக்கலாம். விதிகளுக்கு உட்பட்டு மீண்டும் வெளிநாட்டுக்கும் அனுப்பலாம். கூட்டுக் கணக்கு வேண்டுமென்றால், இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்கலாம் என்பதா, எவர் ஒருவரும் எடுக்கலாம் என்பதா என்ற ஒரு வரியை வாசித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். பின்னுரித்தாளியின் பெயரையும் அன்றே எழுதிவிடுவது நல்லது. மரணத்துக்குப் பிறகு நீதிமன்ற வாசலில் நிற்கும் வேலை அதனால் குறையும்.

வெளிநாட்டு நாணயத்தில் ஏன் வைக்க வேண்டும் என்பதற்கு 2022 போதிய விடை. வளைகுடா நாணயங்களில் பல டொலரோடு கட்டப்பட்டவை: ஒரு டொலருக்குச் சவூதி ரியால் 3.75, கட்டார் ரியால் 3.64, அமீரக திர்ஹம் 3.6725. ஆகவே ரியாத்தில் வீடு துடைப்பவரும் தோஹாவில் கொங்கிரீட் போடுபவரும் வாங்கும் சம்பளம் உண்மையில் டொலர்ச் சம்பளம். 2021இன் இறுதி மாதங்களில் டொலர் 203 ரூபாயாக இருந்தபோது சம்பளத்தை 10 இலட்சம் ரூபாயாக மாற்றி வைத்தவரிடம் இருந்தது ஏறத்தாழ 4,900 டொலரின் மதிப்பு. 2022 முடிவில் டொலர் 363 ரூபாய் அளவில் நின்றது; அதே 10 இலட்சம் 2,750 டொலராகிவிட்டது. அவர் ஒரு சதமும் செலவழிக்கவில்லை. வட்டி ஓரளவு ஈடு செய்தது என்பது உண்மை. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டபோது, அந்த வட்டி ஒரு பொருட்டாக இருக்கவில்லை. மறுபக்கமும் உண்டு: 2024 முடிவில் டொலர் 293 ரூபாயளவுக்கு இறங்கியது. 363இல் பயந்து வாங்கிய வியாபாரிக்கு அது நட்டம். டொலரில் சம்பளம் வாங்கி டொலரிலேயே ஒரு பகுதியை விட்டுவைத்த பணிப்பெண்ணுக்கு, முன்பிருந்த 203ஓடு ஒப்பிட்டால், அப்போதும் இலாபம்.

2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் 7 வரை மத்திய வங்கி டொலரை 200 - 203 ரூபாய்க்குள் பிடித்து வைத்திருந்தது. வெளியே, வங்கியைத் தவிர்த்துப் பணம் சேர்ப்பிக்கும் உண்டியல்காரர் 240 ரூபாய் வரை கொடுத்தார். மாதம் 1,000 ரியால் அனுப்பும் ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வங்கி வழியே வந்தால் 54,133 ரூபாய். உண்டியலில் வந்தால் 64,000. அரசு டொலருக்கு 2 ரூபாய் ஊக்கத் தொகை கொடுத்துப் பார்த்தது. 2021 டிசம்பரில் இன்னும் 8 ரூபாய் சேர்த்தது. அப்போதும் வங்கி வழி 56,800தான். மாதம் 7,200 ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டு நாட்டைக் காப்பாற்றுங்கள் என்று, குறைந்த வருமானக்காரர்களிடம் கேட்கப்பட்டது. ‘ரட விருவோ’, நாட்டின் வீரர்கள், என்ற பட்டம் வேறு.

அவர்கள் கேட்கவில்லை. 2020இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2021இல் ஏறத்தாழ 550 கோடியாகவும், 2022இல் 379 கோடியாகவும் விழுந்தது. பெரும்பாலும் பணம் வரும் வழிதான் மாறியது. 2022 ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அனுப்பிய தொகைக்கேற்ப மின்சார வாகனம் இறக்குமதி செய்யும் அனுமதி போன்ற சலுகைகளை அரசு அறிவித்தது. மாத்தளைக் கிராமத்துப் பணிப்பெண் ஒருத்தி மின்சாரக் கார் இறக்குவாள் என்று நினைத்தவர் எவரோ. மாற்று விலை உண்மை நிலைக்கு வந்து, வங்கிக்கும் உண்டியலுக்கும் இடைவெளி சுருங்கிய பிறகு பணம் தானாகவே திரும்பியது: 2023இல் 597 கோடி, 2024இல் 657 கோடி டொலர். உண்டியலுக்குப் போனவர்களைத் துரோகிகள் என்று அன்று பேசியவர்கள், விலையைத் தவறாக வைத்தவர்களைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

இதனால் உண்டியல் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. அது இயங்கும் விதம் எளிமையானது. குவைத்தில் ஒருவரிடம் டினாரைக் கொடுத்தால், அவருடைய கூட்டாளி இங்கே ரூபாயைச் சேர்ப்பிக்கிறார். டினார் இலங்கைக்கு வருவதே இல்லை. தங்கத்துக்கோ, சுங்கத்தில் விலை குறைத்துக் காட்டும் இறக்குமதிக்கோ அங்கேயே செலவாகிறது. இங்கே வீட்டுக்குக் காசு வரும் வழியைப் பார்த்தால் ஆபத்துத் தெரியும். முன்பின் தெரியாத ஒருவர், வேறொரு நகரில், காசு வைப்பு இயந்திரத்தில் நோட்டைப் போட்டு, சிட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பாஸ் புத்தகத்தில் அனுப்பியவர் பெயர் இராது. அந்த நபர் போதைப்பொருள் பணத்தையும் அதே நாளில் வைப்பிலிட்டிருந்தால், 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின்படி மத்திய வங்கியின் நிதி உளவுப் பிரிவு கேட்கும் கேள்விகள் பலாபத்வலையில் இருக்கும் தாயின் கணக்கையும் எட்டலாம். கணக்கு முடக்கப்பட்டால், காசு எங்கிருந்து வந்தது என்று காட்ட அவரிடம் வாட்ஸ்அப் படம் மட்டுமே இருக்கும். இன்னொன்றும் உண்டு: வீடு கட்டக் கடன் கேட்கும்போது வங்கி பார்ப்பது வெளிநாட்டிலிருந்து முறையாக வந்த பணத்தின் வரலாற்றை. உண்டியலில் வந்த பத்து வருடப் பணத்துக்கு அந்த வரலாறு கிடையாது.

பணம் புறப்படும் இடத்திலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. சம்பளத்தை வங்கி வழியே கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஊதியப் பாதுகாப்பு முறையை அமீரகம் 2009இல் தொடங்கியது. சவூதி 2013இலும் கட்டார் 2015இலும் பின்தொடர்ந்தன. கம்பனித் தொழிலாளருக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு வீட்டுப் பணியாளரை எட்ட வெகுகாலம் பிடித்தது. சவூதியில் முசானத் இணைய முறைமை மூலம் புதிய ஒப்பந்தங்களுக்கு மின்னணுச் சம்பளம் கட்டாயமானது 2024 ஜூலையில்தான். அதுவரை கையில் காசு. சில வீடுகளில் ‘ஒப்பந்தம் முடியும்போது மொத்தமாகத் தருகிறோம்’ என்ற வாக்குறுதி. சம்பள அட்டையைக் கொடுத்துவிட்டு அதன் இரகசிய இலக்கத்தை எசமான் வைத்துக்கொண்டால், அது கணக்கு ஆகாது. அட்டை, இலக்கம், கணக்கோடு இணைந்த தொலைபேசி ஆகிய மூன்றும் ஒரே கையில், உழைப்பவரின் கையில், இருக்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்சில் அனுப்பும்போது செலவு இரண்டு இடத்தில் இருக்கிறது. ரசீதில் தெரியும் கட்டணம் ஒன்று; சந்தை விலைக்கும் எக்ஸ்சேஞ்ச் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் மற்றது. ‘கட்டணம் இல்லை’ என்ற பலகைக்குக் கீழே இரண்டாவது செலவு ஒளிந்திருக்கும். எளிய சோதனை ஒன்று உண்டு: 1,000 ரியால் கொடுத்தால் வீட்டுக்கு எத்தனை ரூபாய் சேரும் என்று ஒரே நாளில் இரண்டு இடங்களில் கேட்பது. 2030க்குள் இந்தச் செலவை 3 வீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் இலக்கு. உலகச் சராசரி இன்னும் அதன் இரு மடங்கை ஒட்டியே இருக்கிறது.

வெளிநாட்டவரின் பணத்தை ஓர் அரசு எவ்வளவு நெருக்கமாகக் கவனிக்க முடியும் என்பதற்குத் தாய்லாந்து வேறொரு முனை. அங்கே போய்த் தங்கும் வெளிநாட்டவர்களில் ஓய்வூதியரும் ஒரு பிரிவு. 50 வயது கடந்தவர் தங்கும் விசாவை நீட்டிக்க, தாய்லாந்து வங்கி ஒன்றில் தமது பெயரில் 8 இலட்சம் பாத் வைத்திருக்க வேண்டும் அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பும், கிடைத்த பின் மூன்று மாதமும் அந்தத் தொகை குறையக்கூடாது. அதன் பிறகும் 4 இலட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. வருடத்தில் 180 நாள் தங்குபவர் உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கு 2024 ஜனவரி முதல் வரி விதியும் இறுக்கப்பட்டது. கெடுபிடிதான். ஆனால் அந்தக் கெடுபிடியின் பக்க விளைவாக, பாங்கொக்கில் தனியே வாழும் முதியவரின் காசு அவர் பெயரிலேயே இருக்கிறது. 10 இலட்சம் பாத் வரை வைப்புக் காப்பீடும் உண்டு. தமது நாட்டுக்கு டொலர் கொண்டுவரும் உழைப்பாளிக்கு இலங்கை அரசு இதில் பாதி அக்கறை காட்டினால் போதும். பணியகத்தில் பதிவு செய்யும் நாளிலேயே உழைப்பவர் பெயரில் வெளிநாட்டு நாணயக் கணக்கு திறந்திருப்பதைக் கட்டாயமாக்குவதற்குப் பெரிய சட்டம் தேவையில்லை. பெண்கள் போவதற்கு 2013இல் கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கையில் பிள்ளையின் வயதைக் கேட்ட அரசு, தாயின் கணக்கு இலக்கத்தைக் கேட்கவில்லை.

ஊருக்கு வந்த பணத்தை எங்கே வைப்பது என்பதில், வட்டியைப் பார்த்து ஏமாறுவதே பெரிய ஆபத்து. 2008இல் கோல்டன் கீ நிறுவனம் சரிந்ததும், 2020 மே மாதம் த பினான்ஸ் கம்பனியின் உரிமம் இரத்தானதும் மறந்துவிடக்கூடிய தூரத்தில் இல்லை. மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரையே வைப்புக் காப்பீடு உண்டு. அதற்கு மேற்பட்ட தொகையை இரண்டு வங்கிகளில் பிரித்து வைப்பதில் வீண் அலைச்சல் தவிர வேறு நட்டமில்லை. உரிமமே இல்லாத ‘செயலி’ முதலீடுகளும் ஆள் சேர்த்தால் காசு என்னும் பிரமிட் திட்டங்களும் வெளிநாட்டுக் காசு வரும் வீடுகளைத்தான் முதலில் தேடி வருகின்றன. அவற்றைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் சொந்தக்காரராக இருப்பதால் மறுப்பது கடினம். ஊர்ச் சீட்டு வேறு வகை. ஆள் தெரிந்த சிறு சீட்டு, அடகில் இருக்கும் நகையை மீட்க உதவும். பெரிய சீட்டு, நடத்துபவரின் நேர்மையை மட்டுமே பிணையாகக் கொண்டது.

2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியிலிருந்து 10 வீதம் வரி பிடிக்கப்படுகிறது. முன்பு அது 5 வீதம். வருட வருமானம் 18 இலட்சம் ரூபாய்க்குள் இருப்பவர் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்தால் அந்தப் பிடித்தம் வேண்டியதில்லை. மகள் அனுப்பிய காசை நிலையான வைப்பில் போட்டு வட்டியில் மருந்து வாங்கும் தாய்மாருக்கு இந்தப் படிவத்தை வங்கியே எடுத்து நீட்டினால் நல்லது.

வங்கிக்கு வெளியே போகும் பணத்தில் பெரும்பகுதி காணிக்கும் வீட்டுக்கும் போகிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு காணி வாங்குபவர் தூதரகம் மூலம் அற்றோணித் தத்துவப் பத்திரம் கொடுத்து வீட்டில் ஒருவரை நியமிக்கலாம். ‘எனக்காக இன்ன காணியை வாங்க’ என்று வரையறுத்த பத்திரமும், எல்லாம் செய்யலாம் என்ற பொதுப் பத்திரமும் ஒன்றல்ல. பொதுப் பத்திரத்தால் வாங்கவும் முடியும், விற்கவும் முடியும். உறுதி யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன் நொத்தாரிசிடம் நேரடியாகத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். மிளகுக் கொடி படர்ந்த கால் ஏக்கர், காலியாகக் கிடக்கும் வீதியோர நிலத்தைவிட இந்தப் பகுதியில் உருப்படியான சேமிப்பு. காய்ந்த மிளகைச் சாக்கில் கட்டி விலை ஏறும்வரை வைத்திருப்பது இங்குள்ளவர்களுக்குத் தெரிந்த வித்தை.

உள்ளூரில் வேலை செய்தால் 1958ஆம் ஆண்டின் சட்டப்படி சேரும் ஊழியர் சேமலாப நிதி, வெளிநாட்டு எசமானிடம் கழிந்த வருடங்களுக்குச் சேராது. ஆகவே திரும்பும்போது கிடைக்க வேண்டியவற்றை விட்டுவிடக்கூடாது. சவூதியில் வீட்டுப் பணியாளர் ஒரே இடத்தில் தொடர்ந்து நான்கு வருடம் முடித்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. தென்கொரியாவுக்கு வேலை அனுமதி முறையில் போனவருக்குப் புறப்பாட்டு உத்தரவாதக் காப்புறுதியும், கட்டிய தேசிய ஓய்வூதியப் பங்கின் மொத்தத் தொகையும் திரும்பக் கிடைக்கும். இவற்றுக்கு விண்ணப்பம் புறப்படுவதற்கு முன்பே போக வேண்டும். ஊருக்கு வந்தபின் நடத்துவது சிரமம்.

ஊர் திரும்பிய பிறகும் தனியாள் வெளிநாட்டு நாணயக் கணக்கை வைத்திருக்கலாம், மூட வேண்டியதில்லை. முகவரியும் தொலைபேசி இலக்கமும் மாறியிருந்தால் வங்கிக்குச் சொல்ல வேண்டும். பத்து வருடம் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத கணக்கு, கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டு மத்திய வங்கிக்கு மாற்றப்படும். அப்படி மாற்றப்பட்டாலும் உரியவரோ உரித்தாளியோ பாஸ் புத்தகமும் அடையாள அட்டையும் கொண்டு, கணக்கிருந்த வங்கியின் மூலமே அதைத் திரும்பக் கோரலாம்.